சிறகை நடுக்கிக்கொண்டு கத்தும் தவிட்டுக்குருவி: நோயா, பசியா?

ஏப்ரல் 6, காலை

முக்கூடலிலிருந்து ஒருவர் கேட்டது இது: "வீட்டுப் பின்பக்கம் ஒரு தட்டில் சோறும் குருணையும் வைக்கிறோம். ஒரு வாரமா தவிட்டுக்குருவிக் கூட்டத்தோட ரெண்டு குருவி வருது. ஆள் பெரிசுதான். ஆனா தட்டுல இருக்கிறதைத் தானா எடுத்துத் தின்னாம, தரையில பதுங்கி, ரெண்டு இறக்கையையும் நடுக்கிக்கிட்டு ஓயாமக் கத்துது. ஏதோ சீக்கு கண்டிருக்கு. பிடிச்சு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா?"

பிடிக்க வேண்டாம். அது சீக்கு இல்லை, பசி. கூட்டை விட்டு இறங்கி ஒன்றிரண்டு வாரமே ஆன குஞ்சு அப்படித்தான் கேட்கும். உருவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். தவிட்டுக்குருவிக் குஞ்சு இறங்கிய கொஞ்ச நாளிலேயே தாய் அளவுக்கு வந்து நின்றுவிடும். வாலைப் பாருங்கள், குட்டையாக இருக்கும். வாயோரம் மஞ்சளாகத் தடித்திருக்கும். கண்ணையும் பாருங்கள். வளர்ந்த குருவிக்குக் கண் வெளுத்து, நீலம் ஓடினாற்போல இருக்கும். குஞ்சுக்குக் கருத்த கண்.

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில். அப்பளம் போடுகிற வீடு. மாசி பிறந்துவிட்டால் மொட்டை மாடியும் பின்வாசலும் பாய் விரித்தே கிடக்கும், காவலுக்கு ஒரு ஆள் உட்கார்ந்தாக வேண்டும். இருபத்தைந்து வருஷமாக அந்த ஆள் நான்தான். கையில் குச்சி, கண் குருவி மேல். நான் சொல்வதெல்லாம் அப்படி உட்கார்ந்து பார்த்ததுதான்.

ஏப்ரல் 6, இரவு

காலையில் ஒன்று விட்டுப்போச்சு. ஊட்டுவது தாய்தகப்பன் மட்டும் இல்லை. தவிட்டுக்குருவி கூட்டுக்குடும்பம். போன தடவை பொரித்த அண்ணன் அக்காளெல்லாம் கூடவே இருந்து இந்தத் தடவைக் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். ஒரே குஞ்சின் வாயில் மூன்று வேறு குருவிகள் மாறி மாறிப் புழு வைத்ததை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு குருவியை மட்டும் பார்த்துவிட்டு "தாய் போயிடுச்சு, திரும்பலை" என்று நினைக்க வேண்டாம்.

ஏப்ரல் 9

பேட்டையிலிருந்து ஒரு மைனி எழுதியிருக்கிறாள். செம்பருத்திச் செடிக்கு அடியில் கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்று பறக்க முடியாமல் கிடக்கிறதாம். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டதாம். பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்து, பாலில் சோறு பிசைந்து ஊட்டுகிறார்களாம்.

மைனி, இப்பவே கொண்டுபோய் அந்தச் செம்பருத்தியிலேயே வைத்துவிடு. மிச்சத்தைப் பிறகு படி.

ஏன் இப்படி அவசரப்படுகிறேன் என்று சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் முந்தி இதே பங்குனியில் என் மகன் இதே மாதிரி ஒரு குஞ்சைக் கொண்டுவந்தான். செருப்புப் பெட்டி, பழைய பனியன் துணி, பால்சோறு. நானும் கூட உட்கார்ந்து தீக்குச்சி முனையால் ஊட்டினேன். பகல் முழுக்கக் கொடிக்கயிற்றில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. அதன் வாயில் ஒரு பச்சைப் புழு. விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. குஞ்சு என் அடுக்களையில் இருக்கிறது, அது குஞ்சுக்குக் கொண்டுவந்த புழுவோடு வெளியே நிற்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது பெட்டிக்குள் விறைத்துப்போயிருந்தது.

பால் குருவிக்குச் செரிக்காது. பால் குடித்து வளர்கிற சாதி இல்லை அது. சோற்றில் அதற்கு வேண்டிய சத்தும் இல்லை. கொண்டைக்குருவிக் குஞ்சு பொரித்துப் பன்னிரண்டு நாள் வாக்கில் கூட்டை விட்டுக் குதித்துவிடும். அப்போது சரியாகப் பறக்க வராது. தரையில், செடிக்குள், வேலியோரம் ஒளிந்திருக்கும். தாய்தகப்பன் தேடிவந்து ஊட்டும். அது கிடக்கவில்லை மைனி, காத்திருக்கிறது.

ஏப்ரல் 9, மாலை

வைத்துவிட்டதாக மைனி எழுதிவிட்டாள். ஆனால், "நாம தொட்டாச்சு, மனுஷ வாடை பட்டா தாய் சேத்துக்காதே" என்று கவலைப்படுகிறாள். எங்கள் ஆச்சியும் அப்படித்தான் சொல்லுவாள். அது உண்மை இல்லை. கை பட்டது என்பதற்காக எந்தக் குருவியும் குஞ்சைத் தள்ளிவைக்காது. நாம் பக்கத்தில் நின்றால்தான் வராது. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்.

ஏப்ரல் 10

வந்ததாம்! காலை ஆறேகாலுக்கு, ரெண்டு கொண்டைக்குருவியும். மைனி போனில் அழுதுவிட்டாள்.

ஏப்ரல் 11

உடம்பில் இறகே இல்லாமல் சிவப்பாக, கண் திறக்காமல் விழுந்து கிடந்தாலும் அப்படியே விட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. அது குதித்து வந்தது இல்லை, விழுந்தது. கூடு கைக்கு எட்டினால் திரும்பக் கூட்டில் வைத்துவிடுங்கள். கூடு பிய்ந்து போயிருந்தால் ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் காய்ந்த புல்லைப் போட்டு, அதே கிளையில் கட்டி, அதில் வைக்கலாம். பெட்டி அடியில் ஓட்டை இருக்கட்டும். தண்ணீர் தேங்கக் கூடாது.

இறகு மூடி, கிளையைக் காலால் பிடித்து உட்காரத் தெரிந்தால் விட்டுவிடுவது. பூனை திரிகிற இடம் என்றால் பக்கத்துச் செடியில் கொஞ்சம் உயரத்தில் ஏற்றி வைப்பது. நான் செய்வது இவ்வளவுதான்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. காய்கனியெல்லாம் தட்டில் வைத்துக் கண்விழித்தபின், அதிலிருந்த பழத்தைப் பேத்தி பின்வாசல் சுவரில் வைத்தாள். பத்து நிமிஷத்தில் கொண்டைக்குருவி ரெண்டு, அப்புறம் ஒரு மைனா, பின்னாலேயே மைனாக் குஞ்சு ரெண்டு. வாழைப்பழத்துக்குப் போட்டி. நல்ல நாள்.

தொட்டியைப் பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன். பின்வாசலில் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, இடுப்பளவு ஆழம். நாலு வருஷம் முந்தி சித்திரை வெயிலில் தண்ணீர் பாதிக்கு இறங்கிக் கிடந்தது. காலையில் தண்ணீர் மொள்ளப் போனால் ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சு மிதக்கிறது. வாயோரம் இன்னும் மஞ்சள் போகவில்லை. விளிம்பில் உட்கார்ந்து குடிக்கக் குனிந்திருக்கும், வழுக்கியிருக்கும். தொட்டியின் உள்சுவர் பாசி பிடித்து வழவழ என்று இருந்தது. ஏற எதுவும் இல்லை.

அன்றைக்கே தேங்காய்நார்க் கயிறு ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டேன், தரை தொடுகிற மாதிரி. ஒரு பலகைத் துண்டையும் மிதக்கவிட்டேன். அதற்கப்புறம் அந்தத் தொட்டியில் ஒன்றும் சாகவில்லை. தொட்டி, வாளி, அண்டா எது திறந்து கிடந்தாலும் இதைச் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

குடிக்க வைக்கிற சட்டி ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள். மண்சட்டிதான் நல்லது, எவர்சில்வர் கொதித்துவிடும். தினம் தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு வந்துவிடும்.

ஏப்ரல் 17

"கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்களே குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். நீங்கள் தொடாதே என்கிறீர்கள். எது சரி?" ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசித்தேன்.

ரெண்டுமே சரி. நாங்குநேரிப் பக்கம் இருக்கிற அந்த ஊருக்கு ஒரு தை மாசம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்தில் மட்டும் இல்லை, தெருவுக்குள் இருக்கிற மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு வைத்திருந்தன. ஓட்டின் மேலும் திண்ணை மேலும் வெள்ளையாக எச்சம். யாரும் முகம் சுளிக்கவில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்கிறார்கள். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். 1994இல் அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்தது. ஊர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.

நாரைக்குஞ்சு மர உச்சிக் கூட்டிலிருந்து விழுந்தால் திரும்ப ஏறத் தெரியாது. தாய் மீனைக் கொண்டுவந்து கூட்டில்தான் கக்கும், கீழே இறங்கி வந்து ஊட்டாது. விழுந்த குஞ்சை நாய் பிடிக்கும், இல்லாவிட்டால் அது பட்டினியில் சாகும். அதனால் அவர்கள் எடுத்து, மீன் கொடுத்து, சிறகு முற்றும்வரை வைத்திருந்து விடுகிறார்கள். கொண்டைக்குருவிக் குஞ்சு அப்படி இல்லை. கீழே இருந்தாலும் அதற்குச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். நாரைக்குஞ்சை எடுக்காமல் விட்டால் சாகும், கொண்டைக்குருவிக் குஞ்சை எடுத்தால் சாகும்.

கிளிக்குஞ்சைப் பற்றியும் அண்ணாச்சி ஒரு வரி கேட்டிருந்தார். மொட்டைப் பனைப் பொந்திலிருந்து எடுத்து விற்கிறார்கள். வாங்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி கிளியை வீட்டில் கூண்டில் வைப்பதே குற்றம்.

ஏப்ரல் 18

"எல்லாக் குஞ்சுக்கும் புழுதான் இரை" என்று நான் வேறொருவருக்குச் சொன்னதை ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் சொன்னது தப்பு. புறா தன் தொண்டைப்பையில் ஊறுகிற பால் போன்ற ஒன்றைக் கக்கி ஊட்டும். கிளி தான் தின்ற பழத்தையும் விதையையும் கக்கி ஊட்டும். தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, சிட்டுக்குருவி, தையல்சிட்டு, இதெல்லாம் முக்கியமாகப் புழுபூச்சியில்தான் குஞ்சு வளர்க்கும். தாய்ச் சிட்டு நாள் முழுக்கக் கம்பும் தினையும் தின்றாலும் பச்சைக் குஞ்சுக்குப் பூச்சிதான் தேடும்.

ஏப்ரல் 21

முக்கூடல்காரர் படம் அனுப்பிவிட்டார். இரண்டு வாரமாக நான் உறுதியாகச் சொன்னதில் பாதி தப்பு.

ரெண்டு குஞ்சில் ஒன்று தவிட்டுக்குருவிதான். குட்டை வால், கருத்த கண், எல்லாம் சரி. இன்னொன்று அது இல்லை. வால் நீளம், நுனியில் வெள்ளை. முதுகு கருத்த தவிட்டு நிறம், அடிப்பக்கம் அழுக்கு மஞ்சள். தலையில் லேசாகக் கொண்டை எழுந்திருக்கிறது. இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுடலைக்குயில் குஞ்சு!

காக்காய்க் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாடியில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும், காக்காய் தன்னைவிடச் சத்தமாகக் கத்துகிற குயில்குஞ்சுக்கு அப்பளத்தைத் திருடிக் கொடுக்கும். சுடலைக்குயில் அதே வேலையைத் தவிட்டுக்குருவிக் கூட்டில் செய்யும். தவிட்டுக்குருவி முட்டை நல்ல நீலம். சுடலைக்குயில் முட்டையும் அதே நீலம். எது யாருடையது என்று அதற்குத் தெரியாது.

படம் பார்க்காமல் "ரெண்டும் தவிட்டுக்குருவி" என்று சொன்னது என் தப்பு. வாலைப் பாருங்கள் என்று நானே எழுதிவிட்டு, வால் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 22

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. "அப்போ அந்தக் குயில்குஞ்சை விரட்டிவிடலாமா? பாவம், தவிட்டுக்குருவி தன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதை இதுல்ல தின்னுது."

எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சுடலைக்குயில் குஞ்சு பெரும்பாலும் கூட்டில் இருக்கிற மற்றக் குஞ்சைத் தள்ளிவிடுவது இல்லை. கூட வளரும். பங்கு குறையும், அது உண்மை. ஆனால் இங்கே ரெண்டுமே பிழைத்துத் தட்டுவரைக்கும் வந்திருக்கின்றன. அந்தக் கூட்டம் இரண்டுக்கும் கொடுக்கிறது.

இன்னொன்று. முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கிற கம்பளிப்பூச்சியை நாம் பந்தம் கொளுத்திச் சுடுகிறோம். சொணை பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். பெரும்பாலான குருவிகள் அதைத் தொடாது. தொடுகிற கொஞ்சத்தில் சுடலைக்குயில் ஒன்று. அதற்கு அது விருந்து. விரட்ட வேண்டாம். எனக்குச் சமாதானம் ஆகிவிட்டது, உங்களுக்கு ஆகாவிட்டாலும் தட்டை எடுத்துவிடாதீர்கள்.

வடக்கே இதை மழை கொண்டுவருகிற பறவை என்பார்கள், சாதகம் என்று பேர். ஆப்பிரிக்காவிலிருந்து பருவக்காற்றோடு வந்து சேரும். நம் பக்கம் இருப்பது இங்கேயே இருக்கிற வகை. அதனால்தான் பங்குனியில் குஞ்சு.

ஏப்ரல் 27

மைனி மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே மே, ஜூனில் இதே கூத்தாம். வீட்டுக்கு வீடு தோட்டத்தில் இரைக்கூண்டு தொங்கவிடுவார்களாம். ஸ்டார்லிங் குஞ்சுகள் கூட்டமாக வந்து தாயை விரட்டி விரட்டிக் கேட்குமாம். ராபின் என்றால் நெஞ்சு சிவப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அதன் குஞ்சுக்குச் சிவப்பே இல்லை, புள்ளி புள்ளியாகத் தவிட்டு நிறமாம். புதிதாகப் பார்க்கிறவர்கள் வேறு குருவி என்று நினைப்பார்களாம். இங்கே நாம் நினைத்த மாதிரி!

அவன் சொன்னதில் ரெண்டு விஷயம் நமக்கும் பொருந்தும். நிலக்கடலையை முழுசாக வைக்க மாட்டார்கள், கம்பிவலைக்குள் வைப்பார்கள். தாய் முழுக் கடலையைக் கொண்டுபோய்க் குஞ்சு வாயில் வைத்தால் தொண்டை அடைத்துவிடும். வலை என்றால் கொத்திக் கொத்திப் பொடியாகத்தான் எடுக்க முடியும். நாம் பொட்டுக்கடலையை முழுசாக இறைக்கிறோம். ஒன்றிரண்டாகப் பொடித்து வையுங்கள்.

அடுத்தது தட்டு. அங்கே கிரீன்ஃபிஞ்ச் என்கிற குருவி 2005க்குப் பிறகு தொண்டைநோயில் கொத்துக் கொத்தாகச் செத்தது. ஒரே தட்டில் எச்சில் பட்டுப் பட்டுப் பரவுகிற கிருமி. அதைக் கேட்ட அன்றைக்கு எங்கள் தட்டைப் போய்ப் பார்த்தேன். ஓரமெல்லாம் எச்சமும் பழைய சோறும் காய்ந்து ஒட்டியிருந்தது. இப்போது தினம் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் மறுபடி வைக்கிறேன். சாயங்காலம் மிச்சம் கிடந்தால் எடுத்துவிடுகிறேன்.

மே 2

நேற்று ராத்திரி இடியோடு கோடை மழை. காலையில் புற்றிலிருந்து ஈசல். இன்றைக்குத் தட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காக்காய், மைனா, சிட்டு, கரிச்சான், தவிட்டுக்குருவி எல்லாம் ஈசல் மேல்தான். பேத்தி சொல்கிறாள், "ஆச்சி, இன்னைக்கு ஊர்ல எல்லாருக்கும் கல்யாணச் சாப்பாடு."

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. மத்தியானம் கொண்டைக்குருவி வாயைத் திறந்துகொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறது. அது இரை கேட்பது இல்லை, சூட்டுக்கு மூச்சு வாங்குவது. சட்டியை நிழலுக்கு நகர்த்தினேன்.

மே 11

ஈசல் நாளுக்கப்புறம் ஒரு யோசனை விடாமல் இருந்தது. எங்கள் அப்பளத்தைப் பற்றி.

உடைந்த அப்பளம், மாவுத் துணுக்கு எல்லாவற்றையும் வருஷக்கணக்காகக் குருவிக்குத்தான் போட்டோம். அத்தை இருந்த காலத்திலிருந்தே பழக்கம், புண்ணியம் என்று. அப்பள மாவில் உப்பு எவ்வளவு, அப்பளக்காரம் எவ்வளவு என்று பிசைகிற எனக்குத் தெரியும். உள்ளங்கையளவு கூட இல்லாத உடம்புக்கு அது என்ன செய்யும் என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. உப்புப் போட்ட சோறும், மிக்சரும், முறுக்கும் அதே கணக்குத்தான். நிறுத்திவிட்டேன். இப்போது உப்பில்லாத சோறு ஒரு கை, கம்பு, குருணை, பழம். அவ்வளவுதான்.

அதுவும் வளர்ந்ததுக்குத்தான். நாள் முழுக்கப் புழு தேடி அலைகிற தாய் ஒரு வாய் தின்றுவிட்டுப் போகட்டும் என்று. குஞ்சுக்கு வேண்டியது தட்டில் இல்லை, கறிவேப்பிலையில் இருக்கிறது. கறிவேப்பிலையிலும் நாரத்தையிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு, பச்சையாகப் புழு ஊரும். முன்னெல்லாம் இலை போகிறதே என்று மருந்து அடித்தோம். மருந்து அடித்த வருஷங்களில் தவிட்டுக்குருவிக் கூட்டம் பின்வாசலில் இறங்கினதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது அடிப்பதில்லை. கருவேப்பிலைக் கொத்து ஓட்டையும் உடைசலுமாகத்தான் இருக்கிறது. குழம்புக்கு அது போதும். காய்ந்த இலையையும் கூட்டி எரிக்காமல் வேலியோரம் தள்ளிவைக்கிறேன். தவிட்டுக்குருவி அதைப் புரட்டிப் புரட்டித் தேடும்.

ஏப்ரல் 6ஆம் தேதி முக்கூடல்காரர் கேட்டதற்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். குஞ்சு தட்டில் ஏன் தின்னவில்லை என்றுதானே கேட்டார்.

மே 13

பேட்டை மைனி: "ஏளா, நீ சொன்னேன்னு கறிவேப்பிலைக்கு மருந்து அடிக்கலை. இப்போ ரசத்துக்குப் போட இலை இல்லை." நம் வீட்டிலிருந்து ஒரு கொத்து கொடுத்து அனுப்புகிறேன் மைனி.

மே 19

முக்கூடலிலிருந்து சேதி. தவிட்டுக்குருவிக் குஞ்சு இப்போது சிறகை நடுக்குவதில்லை. வாலும் வளர்ந்துவிட்டது. கூட்டத்தோடு சேர்ந்து தானே சருகைப் புரட்டுகிறது. நேற்று தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டதாம். குயில்குஞ்சை ஒரு வாரமாகக் காணவில்லை. அவர் தேடினார். நேற்றுச் சாயங்காலம் பக்கத்து விளையில், முருங்கை மரத்தில், நீள வாலோடு ஒன்று தனியாக உட்கார்ந்திருந்ததாம். இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரிந்ததா என்று கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை கேட்காமல் எதையும் சொல்வதாக இல்லை.

இங்கே கொண்டைக்குருவி ரெண்டாம் தடவையாகக் குஞ்சு இறக்கியிருக்கிறது. மூன்று. ஒன்று காலையிலிருந்து தொட்டி விளிம்பிலேயே நடந்துகொண்டிருக்கிறது. கயிறு நாலு வருஷத்தில் இற்றுப்போய்ப் பாதியில் அறுந்து தொங்குவதை இன்றைக்குத்தான் கவனித்தேன். மகனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் வருகிறவரை தொட்டிக்குள் தென்னை மட்டை ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.